சூடானால் தூக்காத லிப்ட்: பம்ப்தான் காரணமா?

கேள்வி, மார்ச் 3

என்னுடைய 45 குதிரைத்திறன் டிராக்டரின் லிப்ட், பின்னால் மாட்டிய மண் கிளறும் கருவியான ரொட்டவேட்டரைக் காலையில் சட்டென்று தூக்குகிறது. ஒன்றரை மணி நேரம் ஓட்டியபின் லிப்ட் மந்தமாகிறது. அதற்குமேல் ஓட்டினால் பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது. மாலையில் தூக்கி நிறுத்திவிட்டுப் போனால், மறுநாள் காலையில் ரொட்டவேட்டர் தரையில் கிடக்கிறது. பார்த்த மெக்கானிக், ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது என்கிறார். புதுப் பம்ப் வாங்கிவிடலாமா?

மார்ச் 3, இரவு

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் ஒரே மூச்சில் சொல்லியிருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இன்ஜின் நின்றபின் பம்ப் சுற்றுவதில்லை. சுற்றாத பம்ப் சுமையைப் பிடித்து வைப்பதும் இல்லை, விட்டுவிடுவதும் இல்லை. தூக்கிய சுமையை அப்படியே தாங்கி நிற்பவை லிப்ட் சிலிண்டரின் பிஸ்டன் சீலும் (பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையம்), எண்ணெய் திரும்பி ஓடாமல் அடைத்து நிற்கும் செக் வால்வும்தான். ஆகவே ரொட்டவேட்டர் தரையில் கிடப்பதற்காகப் பம்பின் மேல் பழி போட முடியாது. சூடானபின் தூக்கத் திணறுவதற்கு மட்டும் பம்ப் காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இதே அறிகுறியோடு என்னிடம் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. நானும் பிறர் சொன்னதைக் கேட்டுப் பம்பை மாற்றினேன். மூன்று நாள் வேலை, புது கேஸ்கெட், புது எண்ணெய் எல்லாம் முடிந்து, நான்காம் நாள் பதினொரு மணி வெயிலில் லிப்ட் பழையபடியே நின்றது. எண்ணெயை மறுபடி வடித்து, பம்பின் உறிஞ்சு வாயிலில் இருக்கும் வடிகட்டி வலையான ஸ்ட்ரெய்னரைக் கழற்றினேன். வலையின் மேல் வேஸ்ட் துணியின் நூல்கள் பாய் விரித்ததுபோல் படிந்திருந்தன. முந்தைய ஆண்டு மேல் மூடியைத் திறந்து உள்ளே துடைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, துடைத்தவன் நானே.

எனவே முதலில் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். பிறகு, வேலை முடித்து எண்ணெய் நன்றாகச் சூடாக இருக்கும்போது ரொட்டவேட்டரைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, அது தரையைத் தொட எத்தனை நொடி அல்லது எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். ‘மெதுவாக இறங்குகிறது’ என்ற விடை எதற்கும் உதவாது.

மார்ச் 4, காலை

நேற்றே சொல்லியிருக்க வேண்டியது. எந்த நட்டைத் தளர்த்துவதற்கு முன்னும் ரொட்டவேட்டர் தரையில் இருக்க வேண்டும்; இன்ஜின் நின்றிருக்க வேண்டும்; லிவரை இரண்டு முறை மேலும் கீழும் அசைத்து உள்ளே எஞ்சியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றியிருக்க வேண்டும். தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் குனியக்கூடாது. ஹோஸில் கசிவு இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஊசித் துளை வழியாக நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விரல் நுனியில் கொசு கடித்த அளவு புள்ளிதான் தெரிந்தது, வலியும் இல்லை. இரவுக்குள் உள்ளங்கை வரை வீங்கி அறுவை சிகிச்சைக்குப் போனார். அப்படி நேர்ந்தால் வலிக்காகக் காத்திருக்காமல், எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்ற தகவலோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைத் தூரமாகப் பிடித்து நகர்த்துங்கள். அட்டை நனையும் இடத்துக்கு நேரே துளை இருக்கும்.

மார்ச் 4, மாலை

ஸ்ட்ரெய்னரைப் பற்றி ஒருவர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. வலை அடைத்திருந்தால் எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலை நேரத்தில்தானே அதிகம் திணற வேண்டும், சூடாகி இளகியபின் சரியாக வேண்டாமா என்று கேட்கிறார். ஆம், பொதுவாக அப்படித்தான். என் டிராக்டரில் நேர்மாறாக நடந்ததற்குக் காரணம் அடைத்த பொருளின் தன்மை. ஓடும்போது நூல்கள் மிதந்து வந்து வலையில் ஒட்டுகின்றன. இரவு முழுவதும் நின்றால் உரிந்து அடியில் படிந்துவிடுகின்றன. காலையில் ஆட்டம் புதிதாகத் தொடங்குகிறது. என் அனுபவத்தை உங்கள் டிராக்டருக்கு அப்படியே சாத்திவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சூட்டில் மோசமாகும் லிப்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உட்கசிவு.

ஏன் சூட்டில் கசிவு கூடுகிறது என்றால், எண்ணெய் இளகும் அளவு நாம் நினைப்பதைவிட மிக அதிகம். 46 என்று எண் போட்ட ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரி செல்சியஸில் 46 சென்டிஸ்டோக்ஸ்; அந்த எண்ணின் பொருளே அதுதான். 100 டிகிரியில் அதே எண்ணெய் ஏறத்தாழ ஏழுக்கு வந்துவிடுகிறது. பாகுத்தன்மை பாதியானால் மெல்லிய இடைவெளி வழியாகக் கசியும் அளவு இரு மடங்காகும். இடைவெளியின் கணக்கு இன்னும் கொடுமையானது: அது இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். தேய்ந்த பம்ப் காலையில் நல்லவனாகவும் நண்பகலில் கெட்டவனாகவும் இருப்பது இதனால்தான். ஆனால் இந்தக் குணம் பம்புக்கு மட்டும் சொந்தமானதல்ல. வால்வு, சீல், அடைப்பு சரியாக உட்காராத எந்த இடமும் இதே வேடத்தைப் போடும்.

பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்தைச் சுமை எதிர்க்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. வழியில் எங்காவது திறந்த வாசல் இருந்தால் எவ்வளவு நல்ல பம்பாலும் அழுத்தத்தைக் காட்ட முடியாது.

மார்ச் 6

எண்ணெய் குறைந்ததால் கடையில் கிடைத்த 68 எண் ஹைட்ராலிக் எண்ணெயை ஐந்து லிட்டர் ஊற்றியதாகவும், அதன்பின் பிரேக் கிறீச்சிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பல டிராக்டர்களில் கியர், லிப்ட், எண்ணெயில் மூழ்கிய பிரேக் ஆகிய மூன்றும் ஒரே தொட்டி எண்ணெயில்தான் வாழ்கின்றன. அதற்கென்று விற்கப்படும் டிராக்டர் எண்ணெயில் பிரேக் தட்டுகள் கத்தாமல் இருக்க உராய்வைச் சீராக்கும் சேர்க்கை இருக்கும். வெறும் ஹைட்ராலிக் எண்ணெயில் அது இருக்காது. கிறீச்சுக்கு விடை அதுதான். லிப்டின் மந்தத்துக்கு இது காரணமல்ல, 68 இன்னும் சற்றுக் கெட்டியானது என்பதால் கொஞ்சம் உதவியிருக்கக்கூடும். கையேட்டில் சொன்ன எண்ணெய்க்கு மாறிவிடுங்கள்.

வடிக்கும்போது நிறத்தையும் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் காற்றாகவும் இருக்கலாம், தண்ணீராகவும் இருக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால் காற்று என்றால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால், சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தாளிப்புப்போல் படபடவென்று வெடித்தால் தண்ணீர்.

மார்ச் 7

மரம் பிளக்கும் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் இடையில் புகுந்து, ஆப்பு கட்டையைத் தொடும்வரை வேகமாக வந்து, தொட்டவுடன் மந்தமாகிறது, பம்ப் தேய்ந்துவிட்டதா என்று கேட்கிறார். தேயவில்லை; அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது இரண்டு நிலைப் பம்ப். எதிர்ப்பு இல்லாதபோது இரண்டு கியர் ஜோடிகளும் சேர்ந்து எண்ணெயைத் தள்ளுகின்றன. அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் பெரிய ஜோடியின் எண்ணெய் சும்மா சுற்றிவரத் திருப்பிவிடப்படுகிறது. சிறிய ஜோடி மட்டும் மெதுவாக, ஆனால் முழு வலுவோடு தள்ளுகிறது. சிறிய இன்ஜினால் பெரிய கட்டையைப் பிளக்க முடிவது இந்தத் தந்திரத்தால்தான். கட்டையே இல்லாதபோதும் அது மந்தமாக நகர்ந்தால் அப்போது எழுதுங்கள்.

லிப்டுக்குத் திரும்புகிறேன்.

மார்ச் 9

முதல் கேள்வியைக் கேட்ட ரொட்டவேட்டர்காரர் கடிகாரம் பார்த்துவிட்டார். எண்ணெய் சூடாக இருக்கும்போது இன்ஜினை நிறுத்தினால் ரொட்டவேட்டர் முழு உயரத்திலிருந்து தரையைத் தொட ஒரு நிமிடம் ஆகிறதாம். அதாவது இதுவரை அவர் மாலையில் தூக்கி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அது இறங்கியிருக்கிறது; இரவு முழுவதும் மெல்ல மெல்ல இறங்கியதாக நாம்தான் கற்பனை செய்துகொண்டோம். இன்னொன்றையும் சொல்கிறார்: இன்ஜின் ஓடும்போது, லிவரைத் தொடாமலே, ரொட்டவேட்டர் மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை சற்று இறங்கிச் சட்டென்று ஏறுகிறது. தலையாட்டிப் பொம்மை போன்ற இந்த ஆட்டம் ஒரு தெளிவான வாக்குமூலம். சிலிண்டரிலிருந்து எண்ணெய் கசிகிறது. லிப்டின் தூக்கும் கை கொஞ்சம் தாழ்ந்ததும் கன்ட்ரோல் வால்வு அதை உணர்ந்து மறுபடி எண்ணெயை அனுப்புகிறது.

இதைப் படித்தவுடன், தூக்கத் திணறுவதும் இறங்குவதும் ஒரே பிஸ்டன் சீலின் வேலை, இரண்டு கோளாறு என்று நான் சொன்னது தவறு என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போதே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், நல்லவேளை.

சிலிண்டரின் விட்டம் 90 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 110 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் உள்ளே கொள்ளும் எண்ணெய் 0.7 லிட்டர். அது ஒரு நிமிடத்தில் வெளியேறுகிறது என்றால் கசிவு நிமிடத்துக்கு 0.7 லிட்டர். உங்கள் பம்ப் தருவதோ நிமிடத்துக்கு 25 லிட்டர். இருபத்தைந்தில் முக்கால் லிட்டர்கூட இல்லாத ஓட்டையால் லிப்ட் நிற்கவே நிற்காது. தூக்கும் நேரம் கடிகாரத்தில் தெரியாத அளவுக்குத்தான் கூடும். பம்பின் முழு ஓட்டத்தையும் சீலே விழுங்குவதாக இருந்தால், இன்ஜினை நிறுத்திய இரண்டு நொடியில் ரொட்டவேட்டர் தொப்பென்று விழுந்திருக்க வேண்டும். ஆகவே முதல் நாள் சொன்னது நிற்கிறது: கோளாறுகள் இரண்டு. சீல் அல்லது செக் வால்வு ஒன்று. பெரிய திருடன் செக் வால்வுக்கு முன்னால், பம்புக்கும் அதற்கும் இடையில் எங்கோ இருக்கிறான்.

மார்ச் 10

தலையாட்டலைக் குறித்து ஒரு சொல். உழும்போது கலப்பை தானாக ஏறி இறங்குவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது டிராஃப்ட் கன்ட்ரோல். மண் இறுகி இழுவை கூடினால் கலப்பையைச் சற்றே தூக்கி இன்ஜினைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஹாரி ஃபெர்குசன் மூன்று புள்ளி இணைப்போடு சேர்த்து வளர்த்தெடுத்து, 1939இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பரவலாக்கியது இதைத்தான். நான் சொல்லும் ஆட்டம், கருவி மண்ணைத் தொடாமல் காற்றில் தொங்கும்போது நடப்பது.

மார்ச் 12

ரொட்டவேட்டர்காரர் அழுத்தத்தை அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்திருக்கிறார். வெளி ஹைட்ராலிக் இணைப்பில் 250 பார் கேஜ்; லிப்டைத் துண்டிக்கும் வால்வு மூடப்பட்டிருக்கிறது. குளிர்ந்த எண்ணெயில் 165 பார். ஒன்றரை மணி நேரம் ஓட்டியபின் 65 பார். லிப்ட் சிலிண்டர் வட்டத்திலேயே இல்லாதபோதும் அழுத்தம் விழுகிறது என்பதால் சீல் இந்தக் குற்றத்திலிருந்து விடுதலை. எஞ்சியிருப்பவை பம்ப், அழுத்தம் வரம்பு மீறினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு, உறிஞ்சு வழி.

உறிஞ்சு வழியைப் பிரித்தறிவது எளிது. சூடாக இருக்கும்போது இன்ஜின் வேகத்தைக் கூட்டுங்கள். எண்ணெய் எங்கோ கசிகிறது என்றால் வேகம் கூடக் கூட அழுத்தமும் ஏறும், ஏனென்றால் ஓட்டை அதே ஓட்டை, ஊற்றுவது மட்டும் கூடுகிறது. எண்ணெய் கிடைக்காமல் பம்ப் பட்டினி கிடக்கிறது என்றால் வேகம் கூட்டியும் பயனிருக்காது. பம்பிலிருந்து சரளைக்கல்லை அரைப்பதுபோல் ஓசை வரும். இவர் கூட்டியபோது 65 என்பது 95 ஆனதாம், ஓசையும் இல்லையாம். ஸ்ட்ரெய்னரும் சுத்தமாக இருந்ததாம். என் முதல் சந்தேகம் முழுதாகப் போனது.

இனிப் பம்பா, ரிலீஃப் வால்வா? இரண்டும் கேஜில் ஒன்றுபோலவே நடிக்கும். எனவே எளிதாகக் கழற்றக்கூடியதை முதலில் கழற்றுவோம். ரிலீஃப் வால்வு வெளியிலிருந்தே கையில் வரும். பம்புக்குப் பாதி டிராக்டரைப் பிரிக்க வேண்டும்.

மார்ச் 12, சற்று நேரம் கழித்து

ரிலீஃப் வால்வின் ஸ்ப்ரிங்குக்குப் பின்னால் இன்னொரு ஷிம் (ஸ்ப்ரிங்கை இறுக்கும் மெல்லிய தகடு) போட்டால் அழுத்தம் ஏறிவிடும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். குளிரில் 165 பார் சரியாகவே வருகிறது. ஷிம் போட்டால் நாளைக் காலை அது 190 ஆகும், நண்பகலில் ஓட்டை அப்படியே இருக்கும். ஹோஸும் லிப்ட் மூடியும் எதற்காக அந்தக் கூடுதலைத் தாங்க வேண்டும்? தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒரு கணக்கு மட்டும் எனக்கு உறுத்துகிறது. 65 பாரில் 90 மி.மீ. பிஸ்டனின் மேல் விழும் விசை சுமார் 4.2 டன். பிஸ்டன் 11 செ.மீ. நகரும்போது கருவியைத் தாங்கும் கீழ்க்கைகளின் நுனி சுமார் 66 செ.மீ. ஏறுகிறது என்றால், நுனியில் கிடைப்பது அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 700 கிலோ. 450 கிலோ ரொட்டவேட்டரை அது மண்ணோடு சேர்த்தே தூக்கியிருக்க வேண்டுமே. பாதியில் ஏன் நிற்கிறது?

மார்ச் 13

ரொட்டவேட்டரின் எடை கைகளின் நுனியில் இல்லை, அதற்கு அரை மீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கிறது என்று நினைவூட்டியவருக்கு: ஆம். தூக்கும் திறனை நுனியில் ஓர் எண்ணாகவும், 610 மி.மீ. பின்னால் ஓர் எண்ணாகவும் அளப்பதே அதனால்தான். இரண்டாவது எண் எப்போதும் சிறியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு முழு நிறைவு இல்லை.

மார்ச் 16

திருடன் பிடிபட்டான். ரிலீஃப் வால்வைக் கழற்றி வெள்ளைத் துணியின் மேல் வைத்தபோது, கூம்பு முனை உட்காரும் விளிம்பில் நகத்துண்டு அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்திருக்கிறது. குழாய் வேலைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப். சென்ற ஆண்டு டிப்பர் டிரெய்லருக்காக வெளி இணைப்பு பொருத்தியபோது, கசியாமல் இருக்கட்டும் என்று மரையில் நான்கு சுற்றுச் சுற்றியதாக இப்போது நினைவுகூர்கிறார். மரையை முறுக்கும்போது டேப்பின் ஓரம் இழையாக அறுந்து உள்ளே போகும். போனது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹைட்ராலிக் இணைப்பில் கசிவை அடைக்கும் வேலை செம்பு வாஷருக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்குக்கும் கூம்பு முகத்துக்கும் உரியது. சீலன்ட் தேவைப்படும் மரையாக இருந்தால் அதற்கான திரவ சீலன்ட் இருக்கிறது.

அந்த மெல்லிய துண்டு வால்வை ஒரு தாள் கனத்துக்குத் திறந்தே வைத்திருந்தது. கெட்டி எண்ணெய் அதன் வழியே போகச் சிரமப்பட்டது. இளகிய எண்ணெய் தாராளமாகப் போனது. இதில் ஒரு சுழலும் உண்டு. நிமிடத்துக்கு 25 லிட்டர் எண்ணெய் 65 பாரில் எந்த வேலையும் செய்யாமல் தொட்டிக்குத் திரும்பினால், இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் 2.7 கிலோவாட். அவ்வளவும் சூடாகவே மாறும். லிப்ட் திணறுகிறதே என்று லிவரை மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்த ஒவ்வொரு முறையும் அவர் எண்ணெயை அடுப்பில் வைத்ததுபோல்தான்.

துண்டை எடுத்து, விளிம்பைத் துடைத்து, திரும்பப் பூட்டியபின் சூட்டில் 155 பார். பம்பின் தேய்மானம் என்று சொல்ல முடிந்தால் அந்தப் பத்து பாரைச் சொல்லலாம்.

மார்ச் 17

இறங்கும் கோளாறு அப்படியே இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். அதற்கு இப்போது அவசரம் இல்லை. சீல் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிஸ்டன் பள்ளத்தில் ஓ ரிங்கும் அதற்குத் துணையாகத் தட்டையான பேக்கப் ரிங்கும் இருக்கும். அழுத்தம் வரும் பக்கத்தில் ஓ ரிங், எதிர்ப்பக்கத்தில் பேக்கப் ரிங். மாற்றிப் போட்டால் காவலன் முன்னாலும் ஓ ரிங் ஓட்டையின் வாயிலும் உட்கார்ந்துவிடும். நான் ஒருமுறை அப்படித்தான் போட்டேன். ஒரு மாதத்தில் திறந்தபோது ரப்பரின் ஓரம் எலி கடித்ததுபோல் சுற்றிலும் கொறிபட்டிருந்தது. பழையதைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்னால் கழற்றியவரும் என்னைப் போன்றவராக இருக்கலாம் என்பதால் படத்தை மட்டும் நம்பவும் வேண்டாம்.

மார்ச் 21

சீல் கிட் வாங்கப் போனபோது பாகப் பட்டியலில் பார்த்தாராம்: சிலிண்டரின் விட்டம் 90 அல்ல, 80 மி.மீ. என் ஊகம் தவறு. ஆகவே மார்ச் 9 கணக்கில் 0.7 லிட்டர் என்பதை 0.55 லிட்டர் என்று திருத்திக்கொள்ளுங்கள். கசிவு இன்னும் சிறிதாகிறது, முடிவு மாறவில்லை. மார்ச் 12 கணக்கில் 4.2 டன் என்பது 3.3 டன் ஆகிறது. கைகளின் நுனியில் 700 கிலோவுக்குப் பதில் 550 கிலோ. 450 கிலோ ரொட்டவேட்டர், தகடுகளில் அப்பிய ஈர மண், எடை பின்னால் தொங்கும் நீளம், மூட்டுகளின் உராய்வு எல்லாம் சேர்ந்தால் பாதி உயரத்தில் நிற்க அது சரியாகப் பொருந்துகிறது.